ஐந்து என்றால் எவ்வளவு? தோட்டத் தமிழரின் உடல் எடை வழக்கும் ஆங்கிலேய அளவைகளும்

மலேசியத் தோட்டத் தமிழரின் வாழ்வியலை வாய்மொழிச் சான்றுகளின் வழியே தொகுக்கும் பணியில் நம் மாணவர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். ஆண்டு, தோட்டத்தின் பெயர், மண்டோர் கிராணிமாரின் பெயர்கள் ஆகியவற்றைச் சரிபார்ப்பதில் இவர்கள் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. ஆனால் எண்ணோடு வரவேண்டிய அளவைப் பெயர் அவ்வளவு கவனத்தைப் பெறுவதில்லை. சொன்னவர் எண்ணை மட்டும் சொல்லி அளவையை விட்டுவிட்டால், எழுதுபவர் தமக்குப் பழக்கமான கிலோகிராமை அவ்விடத்தில் இட்டு நிரப்பிவிடுகிறார். நெல்லுக்கும் அரிசிக்கும் இவ்வாறு செய்தால் கணக்கு மட்டுமே பிழையாகும். மனித உடலின் எடைக்குச் செய்தால் ஒருவருடைய வாழ்க்கையே வேறொன்றாகிவிடும். உலு யாம் வட்டாரத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உலு யாம், உலு சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங்காலிக்கு அண்மையில் அமைந்த ஊர். அதன் சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் இரப்பர் மரம் சீவிய குடும்பங்கள் இன்று பெரும்பாலும் அருகிலுள்ள சிற்றூர்களிலும் குடியிருப்புகளிலும் வாழ்கின்றன. எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை என் மாணவி ஒருவர் நேர்கண்டு, ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்த்துக் கொண்டுவந்தார். 1950களின் இறுதியில் பிறந்த தம் முதலிரு குழந்தைகளைப் பற்றி அம்மூதாட்டி கூறிய பகுதியில், இருவருமே பிறந்தபோது '5 கிலோ' இருந்ததாக எழுதப்பட்டிருந்தது. பிறந்த குழந்தை 5 கிலோகிராம் இருப்பது அரிது. அடுத்தடுத்து இருவர் அவ்வாறு பிறப்பது அதனினும் அரிது. அத்தோடு, முதல் பிள்ளை 'நல்ல பருமனாக' இருந்தது என்றும், இரண்டாவது 'கைக்குள் அடங்கிவிடும்' என்றும் அதே பக்கத்திலேயே இருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டபோது மூதாட்டி 'கிலோ' என்ற சொல்லை ஓரிடத்திலும் சொல்லவில்லை. இரண்டு முறையும் 'அஞ்சு' என்று மட்டுமே சொல்லியிருந்தார்.

எனவே கேள்வி எளியது: ஐந்து என்றால் எவ்வளவு? இதற்கு விடை காண, அக்காலத் தோட்டத்தில் எத்தனை தராசுகள் இருந்தன, அவை யார் வசம் இருந்தன என்பதை அறிய வேண்டும்.

மூன்று தராசுகள்

முதலாவது, தோட்ட மருந்தகத்தில் டிரெசரின் தராசு. ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்த மருத்துவமுறை ஆதலின் அங்கு இராத்தலும் அவுன்சுமே வழங்கின. பதினாறு அவுன்சு ஓர் இராத்தல். ஓர் இராத்தல் 453.6 கிராம். 

இரண்டாவது, பால் நிறுக்கும் இடத்திலும் புகைக்கூடத்திலும் இருந்த தராசு. இதுவும் இராத்தல் கணக்கே. கொண்டுவந்த பாலின் எடையோடு, அதில் உலர்ந்த இரப்பர் எத்தனை விழுக்காடு என்பதையும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் பார்த்து, உலர் இரப்பர் இத்தனை இராத்தல் என்று பதிவேட்டில் ஏற்றுவார்கள். இரப்பரின் சந்தை விலையும் ஓர் இராத்தலுக்கு இத்தனை காசு என்றே அறிவிக்கப்பட்டது. கொரியப் போரின் காரணமாக 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்விலை இரண்டு வெள்ளியைத் தாண்டியதை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் உண்டு. கூலியோடு பிணைந்த அளவை ஆதலால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் இராத்தலைத் தெளிவாக அறிந்திருந்தனர். ஆண்கள் சிலர் வேலை முடிந்த பின் அந்தத் தராசின் மேல் ஏறித் தம் எடையைப் பார்த்துக்கொண்டதும் உண்டு. 'நான் நூத்திப் பத்து' என்று ஒரு முதியவர் என்னிடம் சொன்னது அந்தக் கணக்கில்தான். நூற்றுப் பத்து இராத்தல் ஏறத்தாழ 50 கிலோகிராம்.

மூன்றாவது, கடையில் தொங்கிய தராசு. மலாய் மொழியில் இதனை 'டாச்சிங்' என்பர். தேசிய முன்னணியின் சின்னத்தையும் அப்பெயராலேயே சுட்டுவதால் இச்சொல் மலேசியத் தமிழர் அனைவர்க்கும் அறிமுகமானது. ஆயினும் சின்னத்தில் இருப்பது இருதட்டுத் தராசு. கடைக்காரர் பயன்படுத்தியதோ, கோலின் மேல் குண்டை நகர்த்தி நிறுக்கும் வகை. தமிழில் இதற்கு 'வெள்ளிக்கோல்' என்று அழகிய பெயர் உண்டு. அக்கோலில் பொறித்திருந்த கோடுகள் இராத்தலைக் காட்டவில்லை. கட்டியையும் தாகிலையும் காட்டின. பதினாறு தாகில் ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு பிக்குல். நாற்பது பிக்குல் ஒரு கோயான். (மலாய்ச் சொல்லை நம்மவர் கட்டி, காட்டி, காத்தி எனப் பலவாறு எழுதுவதுண்டு. இங்குக் கட்டி என்ற வடிவத்தையே கையாள்கிறேன். தமிழில் 'திரண்டது' என்னும் பொருளுடைய கட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

கட்டி ஆங்கிலேய அளவை அன்று. ஆயினும் ஆங்கிலேய ஆட்சி அதனை விலக்கவில்லை; தன் அளவையோடு பிணைத்துச் சட்டமாக்கியது. ஒரு கட்டி என்பது ஒன்றேமூன்றிலொரு இராத்தல், அதாவது 604.8 கிராம் என வரையறுக்கப்பட்டது. மூன்று கட்டி நான்கு இராத்தல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்த தீவுகளில் கட்டி இதனினும் சற்றுப் பெரியது. அங்கு அது டச்சு நாட்டுப் பவுண்டோடு பிணைக்கப்பட்டதே காரணம்.

இப்பொழுது மூதாட்டியின் சொல்லுக்குத் திரும்புவோம். ஐந்து இராத்தல் 2.27 கிலோகிராம். ஐந்து கட்டி 3.02 கிலோகிராம். பிறந்த குழந்தையைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. எடை குறைந்த குழந்தை என்று கொள்வதற்கு உலக அளவில் மருத்துவர்கள் வைத்துள்ள எல்லை 2500 கிராம். உலக நலவாழ்வு நிறுவனம் 1948-ஆம் ஆண்டு இவ்வெல்லையை ஏற்றபோது, இராத்தல் வழங்கும் நாடுகளுக்காக ஐந்தரை இராத்தல் என்றும் உடன் குறித்தது. ஆகவே முதலாம் 'ஐந்து' அந்த எல்லைக்குக் கீழே. இரண்டாம் 'ஐந்து' அதற்கு நன்கு மேலே.

மாணவியோடு நானும் மறுபடியும் அவ்வீட்டிற்குச் சென்றேன். 'பாட்டி, அஞ்சுன்னு சொன்னீங்களே, அது எதுல அஞ்சு?' என்று கேட்டோம். அவர் சிறிதும் தயங்கவில்லை. 'மூத்தது லயத்துலயே பொறந்துச்சு தம்பி. மருத்துவச்சிதான் பாத்தாங்க. ஒரு மாசம் ஆகலே, அவரு தூக்கிட்டுப் போயி கடையில சாரோங்குல கட்டித் தொங்கவிட்டு நிறுத்தாரு. அது கட்டி. சின்னது ஆஸ்பத்திரியில. டிரெசரு சொன்னது ராத்தலு' என்றார். சற்றுப் பொறுத்து, 'ரெண்டும் அஞ்சுதான். ஆனா அஞ்சும் அஞ்சும் ஒண்ணு இல்லையே' என்றார். இரண்டாவது குழந்தை நாற்பது நாளைத் தாண்டவில்லை.

முதல் பதிவில் இச்செய்தி இல்லாமற்போனதற்கு மாணவியைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கேட்காத கேள்வியை நானும் அதுவரை எந்த மாணவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. மூதாட்டி எதையும் மறைக்கவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை இடத்தைச் சொன்னாலே அளவையும் சொன்னதாயிற்று. லயம் என்றால் கட்டி. ஆஸ்பத்திரி என்றால் இராத்தல். அச்சூழலில் வாழ்ந்தவருக்கு இது வெளிப்படை. கிலோகிராமில் பிறந்து வளர்ந்தவருக்கு இது மறைபொருள். முதல் குழந்தையின் எடை பிறந்த அன்றைய எடை அன்று என்பதும் இரண்டாம் முறை சென்றபோதுதான் தெரியவந்தது. ஆதலால் இரு குழந்தைகளின் பிறப்பெடையை ஒப்பிட்டு எழுதவும் இப்பதிவு இடந்தராது.

வராத கல்

ஆங்கிலேயரின் உடல் எடை அளவைகளில் தலையாயது ஸ்டோன் எனப்படும் கல். பதினான்கு இராத்தல் ஒரு கல், 6.35 கிலோகிராம். எட்டுக் கல் ஓர் அந்தர், அதாவது 112 இராத்தல். இந்தப் பதினான்கு எவ்வாறு வந்தது என்று கேட்பவர்க்குக் கம்பளி வாணிகம் என்பதே விடை. ஒரு காலத்தில் பிரித்தானியாவில் கல்லின் எடை ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் வேறுபட்டது. இலண்டன் இறைச்சிக் கடைகளில் எட்டு இராத்தலே ஒரு கல். 1835-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு என்று அதனை நிலைப்படுத்தியது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாணிக அளவை என்னும் தகுதியை அது இழந்தது. ஆயினும் அந்நாட்டு மக்கள் பலர் இன்றும் தம் உடல் எடையைக் கல்லிலேயே சொல்கின்றனர். உருளைக்கிழங்கைக் கிலோகிராமில் வாங்கித் தம்மைக் கல்லில் நிறுத்துக்கொள்ளும் மக்கள் அவர்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: பெரியவரின் எடைக்குக் கல்லும் இராத்தலும், பிறந்த குழந்தைக்கு இராத்தலும் அவுன்சும். கல்லைக் கைவிட்டு இராத்தலை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் அமெரிக்கர்.

முனைவர் பட்ட ஆய்விற்காக நான் இங்கிலாந்திற்குச் சென்ற முதல் மாதத்தில், மருத்துவமனை ஒன்றில் என் எடையைக் கேட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்ட பழக்கத்தில் 'நூற்றைம்பது இராத்தல்' என்று சொன்னேன். செவிலியர் விரல்விட்டு எண்ணிப் 'பத்துக் கல் பத்து' என்று எழுதிக்கொண்டார். ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்த அளவை என்று நான் எண்ணியிருந்ததை அவர்களே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது என்பது எனக்கு அன்று வியப்பாக இருந்தது.

கல் ஏன் மலாயாத் தோட்டத்திற்கு வரவில்லை? தமிழனுக்குக் கல்லால் நிறுப்பது புதிதன்று. எடைக்கல், படிக்கல், நிறைகல் என்னும் சொற்கள் நம்மிடம் உண்டு. ஆயினும் நம் வழக்கில் கல் என்பது நிறுக்கும் கருவி. அளவையின் பெயராக அது நிற்கவில்லை. ஆங்கிலத்தில் கருவியே அளவையாயிற்று. இந்த மொழிக் காரணத்தை விட வாழ்க்கைக் காரணமே வலியது என்பது என் கருத்து. வாணிகத்தில் பிக்குலும் கட்டியும் வேரூன்றியிருந்தன. கூலியிலும் மருத்துவத்திலும் இராத்தல் இருந்தது. இவற்றிற்கிடையே பதினான்கால் பெருக்கும் ஓர் அளவைக்கு ஒரு தொழிலும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குதிரைப் பந்தயங்களில் குதிரை சுமக்க வேண்டிய எடை கல்லிலும் இராத்தலிலும் குறிக்கப்பட்டது. ஆகவே ஆங்கில நாளிதழின் பந்தயப் பக்கத்தைப் பார்த்தவர் கல்லை அறிந்திருக்கலாம். தோட்ட லயத்தின் பேச்சில் அது நுழையவில்லை. நான் நேர்கண்ட முதியோருள் ஒருவரும் தம் எடையைக் கல்லில் சொல்லக் கேட்டதில்லை.

இலங்கையிலும் இதே நிலைதான். அங்குத் தேயிலைக் கொழுந்தின் எடை இறாத்தல் கணக்கு. மூட்டைக்கு அந்தர் என்ற சொல் தமிழில் ஆழப் பதிந்தது. எட்டுக் கல் கொண்ட அந்தர் வந்தது. அதனுள் இருந்த கல் வரவில்லை. அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிய பின்னும் 450 கிராம் ரொட்டியை 'இறாத்தல் பாண்' என்றே மக்கள் கேட்டு வாங்குகின்றனர்.

பிக்குலும் ஆளும்

உடல் எடையைப் பற்றிப் பேசும்போது பிக்குலை விட்டுவிட இயலாது. மலாய் மொழியில் அச்சொல் தோளில் சுமத்தலைக் குறிக்கும் வினை. ஓர் ஆள் தோளில் சுமக்கக்கூடியது ஒரு பிக்குல். அதாவது இது மனித உடலையே அளவுகோலாகக் கொண்டு பிறந்த அளவை. நம் பாரம் என்ற சொல்லும் சுமையையும் அளவையையும் ஒருங்கே குறிப்பதை இங்கு ஒப்பு நோக்கலாம். சென்னை மாநிலத்து வழக்கில் எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். மணங்கு ஏறத்தாழ இருபத்தைந்து இராத்தல். ஆதலால் பாரம் ஐந்நூறு இராத்தல் அளவு. அது வண்டியின் சுமை. பிக்குலோ ஆளின் சுமை.

ஒரு பிக்குல் 133 இராத்தலும் சற்று மேலும். இன்றைய கணக்கில் 60.5 கிலோகிராம். ஆங்கிலேயர் முறையில் ஒன்பது கல் ஏழு. மேலே குறித்த முதியவரின் எடை நூற்றுப் பத்து இராத்தல் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், 'ஓர் ஆள் சுமை' என்று சட்டம் ஏற்றுக்கொண்ட அளவை அவரைவிட இருபத்துமூன்று இராத்தல் மிகுதி. தோளில் கம்பை வைத்து இரு முனையிலும் பால்வாளியைத் தொங்கவிட்டு நடந்தவர்களின் உடலைப் பற்றி எழுதும் ஆய்வாளர், பிக்குலைக் கிலோகிராமாக மாற்றி அடைப்புக்குறிக்குள் போடுவதோடு நின்றுவிடாமல் இதனையும் எண்ண வேண்டும். 

கோல சிலாங்கூர்ப் பக்கம் செல்வோமானால் கதை சற்று மாறுகிறது. அங்குத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு ஆன்றி போக்கோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். இரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில், இராத்தல் இராத்தலாக நிறுத்த நிலை மாறி, குலைகளும் வண்டியிலேற்றிய டன் கணக்கும் முன்னுக்கு வந்தன. அவ்வட்டாரத்து இளைய தலைமுறையின் பேச்சில் இராத்தல் முற்றிலும் அற்றுப்போனதற்கு 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மட்டுமன்றி இதுவும் ஒரு காரணமாகலாம்.

இராத்தல், பவுண்டு, பவுன்

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய சொல்லாட்சி ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்றே தமிழில் மூன்று பொருளில் வழங்குகிறது. எடையைக் குறிக்கையில் பவுண்டு. பிரித்தானிய நாணயத்தைக் குறிக்கையிலும் பவுண்டு. அந்நாணயத்தின் தங்கக் காசை ஒட்டிப் பொன்னின் எடையைக் குறிக்கையில் பவுன். ஒரு பவுன் ஏறத்தாழ 8 கிராம். எடைப் பவுண்டு 453.6 கிராம். பேச்சில் இரண்டும் மயங்குவதுண்டு. 'தாலி மூணு பவுன்' என்பதில் ஐயமில்லை. 'பிள்ளை ஆறு பவுனு' என்று ஒருவர் சொன்னால், எழுதுபவர் அதனைப் பவுண்டு என்று திருத்தி எழுதலாமா? சொன்னபடி எழுதி, பொருளை அருகில் தருவதே முறை என்பேன். மலாயாவில் பணம் வெள்ளியாக இருந்தமையால் நாணயக் குழப்பம் இங்கு எழவில்லை.

இராத்தல் அரபுச் சொல்லான 'ரத்ல்' என்பதிலிருந்து வந்தது. அவ்வரபுச் சொல்லுக்கு மூலம் கிரேக்கத்தின் 'லித்ரா' என்பர். இன்று நாம் பாலையும் எண்ணெயையும் அளக்கும் லிட்டரும் அதே லித்ராவின் வழித்தோன்றலே. இராத்தலை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும் குறி, தராசையும் எடையையும் ஒருசேரக் குறித்த இலத்தீன் 'லிப்ரா'வின் சுருக்கம். தராசு, எடை, இராசி ஆகிய மூன்றையும் ஒரே சொல் குறிக்கும் இவ்வமைப்பு நம் துலாம் என்பதிலும் அப்படியே உள்ளது. நூறு பலம் ஒரு துலாம் என்பதை அறிந்தவர் இன்று அருகிவிட்டனர். கோயில்களில் நேர்த்திக்கடனாகச் செய்யும் துலாபாரத்தில் மட்டும் அச்சொல் உயிரோடிருக்கிறது. அங்கு ஆளின் எடைக்கு எண்ணும் இல்லை, அளவையும் இல்லை. எதிர்த்தட்டில் இருக்கும் வெல்லமோ வாழைப்பழமோதான் எடை. 

பதிப்பிப்பார்க்குச் சில சொல்

உடல் எடை பற்றிய செய்தி வாய்மொழிப் பதிவில் வரும்போது, எண்ணுக்குப் பின் அளவைப் பெயர் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில் எழுதுபவர் தாமாக ஒன்றைச் சேர்க்கலாகாது. நிறுத்தவர் யார், எந்த இடத்தில் என்பதைக் கேட்டாலே பெரும்பாலும் அளவை வெளிப்பட்டுவிடும். எப்பொழுது நிறுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பிறந்த அன்றா, ஒரு மாதம் கழித்தா என்பதால் பொருள் மாறும். மறுபடியும் கேட்க இயலாதவாறு சொன்னவர் மறைந்திருந்தால், எண்ணை மட்டும் அச்சிட்டு, அது இராத்தலானால் இவ்வளவு, கட்டியானால் இவ்வளவு என்று இரண்டையும் அடிக்குறிப்பில் தரலாம். எழுபது என்று ஒரு பெண்மணி தம் எடையைச் சொல்லியிருந்தால், அது இராத்தலானால் 31.8, கட்டியானால் 42.3 கிலோகிராம். கிலோகிராமாகவே இருக்கவும் கூடும். மூன்றும் மூன்று வேறு பெண்கள்.

மாற்றிக் கணக்கிடுகையில் மிகை நுட்பமும் வேண்டுவதில்லை. 1959 முதல் ஓர் இராத்தல் என்பது 0.45359237 கிலோகிராம் என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளது உண்மையே. ஆனால் சாரோங்கில் கட்டி வெள்ளிக்கோலில் தொங்கவிட்ட குழந்தைக்கு அத்தனை பதின்ம இலக்கம் பொருந்தாது. '5 கட்டி (ஏறத்தாழ 3 கிலோ)' என்றால் போதும்.

மூதாட்டியின் பதிவு திருத்தப்பட்டு இப்பொழுது எங்கள் தொகுப்பில் உள்ளது. முதல் குழந்தைக்கு 'அஞ்சு (கட்டி, கடைத் தராசு, ஒரு மாதத்திற்குள்)' என்றும், இரண்டாவதற்கு 'அஞ்சு (இராத்தல், டிரெசர், பிறந்த அன்று)' என்றும் எழுதியிருக்கிறோம். அச்சுப்படியை அவருக்கு வாசித்துக் காட்டியபோது இரண்டாவது வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.